செம்பாக்கத்தில் இல்லாத மண்

எங்கள் பயணக் கம்பெனியில் பயணிகளுக்குக் கொடுக்கும் வழிமுறைத் தாளை இந்த வருடம் புதிதாக அச்சடிக்கப் போகிறார்களாம். குழுப் பயணங்களை இப்போது கவனித்துக்கொள்ளும் கீர்த்தனா போன வாரம் போன் செய்தாள்.

"மேடம், பழைய ஷீட்ல ஏதென்ஸ் பக்கத்துல ஒரு விஷயம் இருக்கு. 'இடிபாடுகளில் இருந்து கல், மண் எதையும் எடுக்கக் கூடாது.' இது ஓகே. அதுக்கு அடுத்த லைன், 'எடுத்தே ஆக வேண்டிய காரணம் இருந்தால், கிளம்பும் முன்பே டூர் மேனேஜரிடம் தனியாகச் சொல்லவும்.' இது எதுக்கு மேடம்? கூடாதுன்னா கூடாது. அதுல என்ன காரணம்? ஆபீஸ்ல எல்லாரும் படிச்சுப் படிச்சுச் சிரிக்கிறாங்க. தூக்கிடவா?"

தூக்காதே என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்லக்கூடிய விஷயமில்லை, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்த வரியை எழுதியவள் நான்தான். ஓய்வு பெற்று நான்கு வருடமாகிறது. தலை எண்ணுவதற்குக்கூட இப்போது போனில் ஏதோ வந்துவிட்டதாம், ஆளுக்கு ஒரு அட்டை, பஸ்ஸில் ஏறினால் தானே எண்ணிக்கொள்ளுமாம். நல்லது. அந்த அட்டை சொல்லாத விஷயம் ஒன்று உண்டு, அதைத்தான் எழுதுகிறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த கதையில் பெரிதாக ஒன்றுமில்லை. மேற்குத் தாம்பரத்தில் மாடியில் இருந்த அலுவலகத்தில் டிக்கெட் போடும் பெண்ணாகச் சேர்ந்தேன். எட்டு வருடம் கழித்து ஒரு டூர் மேனேஜர் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் காலை உடைத்துக்கொண்டார். கையில் பாஸ்போர்ட் வைத்திருந்த ஒரே ஆள் என்ற தகுதியில் என்னை அனுப்பினார்கள். அப்புறம் பதினெட்டு வருடம் அதே பிழைப்பு. "கொடுத்து வெச்சவங்க நீங்க, உலகத்தையே பார்த்துட்டீங்க" என்று சேலையூரில் எங்கள் தெருவில் சொல்லாத ஆள் கிடையாது. அட, போங்க! நான் பார்த்ததெல்லாம் முப்பது தலைகளின் பின்பக்கம். எந்த ஊரில் எந்த முக்கில் கழிப்பறை இருக்கிறது என்று கேளுங்கள், தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன்.

என்னைப் பழக்கியவர் தனக்கோட்டி சார். பயணப் பிரிவின் மேலாளர். முதல் பாடத்தைத் தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலத்தில் வைத்தார். ஒரு முகூர்த்த நாள் காலையில் படிக்கட்டின் கீழே என்னை நிறுத்தினார். கல்யாணக் கூட்டம் ஒன்று இறங்கி வந்துகொண்டிருந்தது. "எத்தனை பேர்னு எண்ணு" என்றார். எண்ணினேன். இருபத்தேழு என்றேன். அவர் நேராக மாப்பிள்ளை வீட்டுக்காரரிடம் போய் விசாரித்துவிட்டு வந்தார். இருபத்தொன்பது.

"தலையை எண்ணாத வசந்தா. தலை குனியும், தூண் மறைக்கும். யார் யாரோட வந்திருக்காங்கன்னு பாரு. புருஷன் பொண்டாட்டி, அக்கா தங்கச்சி, அப்படி ஜோடியா எண்ணு. ஜோடியில ஒண்ணு குறைஞ்சா உடனே கண்ணு உறுத்தும்" என்றார்.

அந்த மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எவ்வளவு பெரிய களேபரம் என்று போனில் அலறினாலும், அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்கிறார் என்று அர்த்தம். அதற்குப் பிறகு, "சரி, இப்ப என்ன பண்ணலாம்?" என்பார். திட்ட மாட்டார். திட்டினால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. டூர் மேனேஜருக்கு இரண்டு ஜோடி ஷூ வேண்டும், ஊர் சுற்ற ஒன்று, விமானத்துக்கு ஒன்று. சுற்றிவிட்டு அறைக்கு வந்ததும் அன்றைய ஷூவைத் துடைத்து வைத்த பிறகுதான் உட்கார வேண்டும். அழுக்கு ஷூ போட்டவளை ஓட்டல்காரன் மதிக்க மாட்டான் என்பது அவர் கட்சி. இன்னொரு சட்டம், வெளிநாட்டில் சீருடை போட்டவர்களிடம் பொய் சொல்லக் கூடாது. "நீ ஒரு பொய் சொல்லித் தப்பிச்சு வந்துடுவே. அடுத்த மாசம் நம்ம ஆளுங்க போவாங்கல்ல, அவங்க மாட்டுவாங்க." இந்த இரண்டையும் பதினெட்டு வருடத்தில் ஒவ்வொரு முறைதான் மீறத் துணிந்தேன், அதில் ஒன்றைத்தான் மீறவும் செய்தேன். இரண்டும் ஒரே நாளில்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் குழுவில் முப்பத்தொரு பேர். முக்கால்வாசிப் பேர் சேலையூர், செம்பாக்கம், பல்லாவரம் பக்கம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் கேம்ப் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்கார வைத்து வழிமுறைகளைச் சொன்னேன். அந்தக் கூட்டங்களில் நான் கொஞ்சம் நையாண்டியாகத்தான் பேசுவேன். சிரித்தால் மனதில் நிற்கும் என்று ஒரு நினைப்பு. ஊறுகாய் பாட்டிலைக் கைப்பையில் வைக்காதீர்கள், ஓட்டல் துண்டைச் சொந்தம் கொண்டாடாதீர்கள் என்று சொல்லிக்கொண்டே வந்து, ஏதென்ஸில் இடிந்த கோயில்களைப் பார்க்கும்போது ஞாபகார்த்தம் என்று ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது, எடுத்தால் போலீஸ் என்றேன்.

பின் வரிசையில் வெள்ளைச் சட்டை, வேட்டியில் ஒருவர் எழுந்தார். பெயர் முனிரத்தினம். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் நிலம் வைத்துப் பயிர் செய்த குடும்பம், இப்போது அதே இடத்தில் கடைகள் கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி தேசம்மாள், மஞ்சள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தார்.

"மண்ணு கூடவா மேடம்?" என்று கேட்டார் முனிரத்தினம்.

"மண்ணுகூடத்தான் ஐயா. செம்பாக்கத்துல இல்லாத மண்ணா அங்க இருக்கு?" என்றேன்.

கூடமே சிரித்தது. அவரும் லேசாகச் சிரித்துவிட்டு உட்கார்ந்தார். தேசம்மாள் சிரிக்கவில்லை. அதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டினேன். அந்தப் பேச்சை நினைக்கும்போதெல்லாம் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

ஏதென்ஸ் எங்கள் பயணத்தில் கடைசி ஊர். காலையில் அக்ரோபோலிஸ் குன்று, மதியம் சாப்பாடு, மாலையில் ஓய்வு, மறுநாள் காலை விமானம். அன்று விடிந்ததிலிருந்தே தூறல். குன்றின் மேலே நடைபாதை எல்லாம் சலவைக்கல். ஆயிரக்கணக்கான வருடமாக ஆட்கள் நடந்து நடந்து வழவழவென்று ஆகிவிட்ட கல், மழை வேறு. ஒருத்தர் விழுந்தால் இடுப்பு போச்சு. உள்ளூர் வழிகாட்டியாக வந்த எலேனி என்ற பெண் தூண்களின் வரலாற்றைச் சொல்ல, நான் கால்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பார்த்தால், தேசம்மாள் வெறுங்காலோடு நிற்கிறார்! செருப்பு அந்த மஞ்சள் பையில்.

"என்னம்மா இது? வழுக்குது, குளிருது. செருப்பைப் போடுங்க முதல்ல."

"கோயிலாச்சே மேடம். செருப்பு போட்டுகினு எப்டி நிக்கறது?"

"அம்மா, இங்க சாமியே இல்ல. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு பூஜை நின்னு."

"பூசை நின்னா இன்னா? கட்னவங்க சாமின்னு நெனச்சுதானே கட்னாங்க."

எலேனி என்ன சண்டை என்று கேட்டாள். மொழிபெயர்த்துச் சொன்னேன். அவள் தேசம்மாளின் பாதங்களையே ஒரு கணம் பார்த்தாள். பிறகு எங்களிடம் சொல்லாத ஏதோ ஒன்றைத் தன் மொழியில் முணுமுணுத்துக்கொண்டு நடந்தாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. விழுந்தால் பொறுப்பு நான்தானே!

குன்றிலிருந்து இறங்கியதும் அடிவாரத்தில் பிளாக்கா என்ற பழைய குடியிருப்பு. சின்னச் சின்னக் கடைகள், குறுகலான தெருக்கள், ஓரமெல்லாம் நார்த்தங்காய் போலக் காய்த்துத் தொங்கும் மரங்கள். கடை பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்தேன். எல்லாரும் சதுக்கத்துக்குத் திரும்பியதும் எண்ணினேன். இருபத்தொன்பது. எந்த ஜோடி என்று இரண்டாம் தடவை எண்ணத் தேவையே இருக்கவில்லை. வெள்ளைச் சட்டையும் மஞ்சள் பையும் இல்லை.

ஆள் தொலைந்தால் செய்ய வேண்டியதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில், குழுவுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் ஆளாளுக்கு ஒரு பக்கம் தேடப் போய் இரண்டு எட்டாகிவிடும். பஸ்ஸில் அவர்களுக்குப் பக்கத்து இருக்கைக்காரரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, கடைசியாக என்ன பேசினார்கள் என்று கேட்க வேண்டும். அடுத்தது, கடைசியாக எண்ணிய இடத்துக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து மெதுவாக நடக்க வேண்டும், ஓடக் கூடாது. பக்கத்து இருக்கைக்காரர் பல்லாவரத்துத் தலைமையாசிரியர், ஓய்வு பெற்றவர். "பேசவே மாட்டாங்க மேடம். ஒரு போட்டோவை வெச்சுகிட்டு ஜன்னல் வழியா பாத்துகிட்டே வருவாங்க" என்றார். குழுவை அவர் பொறுப்பிலும் எலேனி பொறுப்பிலும் விட்டுவிட்டு நடந்தேன்.

மூன்று சந்து தாண்டி ஒரு மண்பாண்டக் கடை வாசலில் இருந்தார்கள். முனிரத்தினம் கடைக்காரரிடம் ஒரு புகைப்படத்தைக் காட்டி, கையால் 'எங்கே, எங்கே' என்று சைகை செய்துகொண்டிருந்தார். கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். எனக்கு வந்ததே கோபம்!

"என்ன ஐயா விளையாட்டா இருக்கா? இருபத்தொன்பது பேர் நடுத்தெருவுல நிக்கறாங்க. சொல்லாம கொள்ளாம..."

அவர் புகைப்படத்தை என் பக்கம் நீட்டினார். லேமினேட் செய்த படம். இருபத்தைந்து வயதுப் பையன் ஒருவன், நீலச் சட்டை, காலில் வெள்ளை ஷூ. விழுந்து கிடக்கும் தூண் துண்டு ஒன்றின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான். பின்னால் இரும்புக் கம்பி வேலி, அதற்கு அப்பால் நீலக் கதவு போட்ட ஒரு குட்டி வீடு.

"எங்க பையன் மேடம். சுகுமாரு. கப்பல்ல எஞ்சின் வேலை. இந்த ஊரு ஆர்பர்ல கப்பல் நிக்கும்போது ஒரு நாளு லீவு குடுத்தாங்களாம். ஊரச் சுத்திப் பாத்துட்டு இந்தப் போட்டோவ அனுப்புனான். அப்பால நாலு நாளு. கடல்ல போய்க்கினு இருக்கும்போது காணோம்னுட்டாங்க. தேடுனாங்களாம், ஒண்ணியும் கெடைக்கல. துணிமணிய மட்டும் பொட்டில போட்டு அனுப்புனாங்க" என்றார். மூன்று வருடத்துக்கு முந்தைய கதையை வாடகை விவரம் சொல்வது போலச் சொன்னார். பல தடவை சொல்லிப் பழகியிருப்பார் என்று நினைக்கிறேன்.

உடல் கிடைக்காததால் கருமாதி செய்யவில்லை. தேசம்மாள் விடவில்லை. இல்லாத பிள்ளைக்கு எதை வைத்துச் செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். கடைசியில் ஊர்ப் பெரியவர்கள், அவன் தரையில் கடைசியாகக் கால் வைத்த இடத்து மண்ணை ஒரு பிடி எடுத்து வாருங்கள், அதை அவனாக வைத்துக் காரியம் செய்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் அந்த அம்மா ஒப்புக்கொண்டார். பத்து நாள் பயணத்தில் ஒன்பது நாள் அவர்கள் எதையுமே பார்க்கவில்லை. இந்தப் பத்தாம் நாளுக்காகத்தான் வந்திருந்தார்கள்.

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே ஐயா?"

"மண்ணே எடுக்கக் கூடாதுன்னீங்களே மேடம். சொன்னா கூட்டிகினு போவ மாட்டீங்கன்னு இவ பயந்துட்டா."

என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

தனக்கோட்டி சாருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். மண் எடுப்பதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. இடத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள் என்றேன். தாம்பரத்து மாடியில் கண்ணாடி துடைக்கப்படுவது எனக்குத் தெரிந்தது.

"எவ்வளவு நேரம் வேணும்?"

"தெரியல சார்."

"ஒரு மணி நேரம். எலேனியோட குரூப்பைச் சாப்பிட அனுப்பு. நீ அவங்களோட போ. தனியா விடாதே."

தேடினோம். பிளாக்காவின் மேல்பக்கம், குன்றின் சரிவிலேயே ஒட்டிக்கொண்டு, படத்தில் இருந்தது போன்ற வெள்ளையடித்த குட்டி வீடுகள் கொஞ்சம் இருக்கின்றன. ஏதோ தீவிலிருந்து வந்த கொத்தனார்கள் தங்களுக்குத் தாங்களே கட்டிக்கொண்டது என்று எலேனி சொல்லியிருந்தாள். அங்கே தெரு என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய படிகள், முக்குக்கு முக்கு பூத்தொட்டி, கொடியில் காயும் துணி, நம்மைக் கண்டு நகராத பூனைகள். பதினைந்து தடவை ஏதென்ஸ் போயிருக்கிறேன், அந்தப் படிகளில் அதுவரை நான் ஏறியதே இல்லை. குழுவைக் கூட்டிக்கொண்டு ஏற முடியாத இடம் எங்கள் கணக்கில் இல்லாத இடம்.

"எங்கம்மா வூட்டு சந்து மாதிரியே கீது" என்றார் தேசம்மாள். அவர் பிறந்தது அனகாபுத்தூரில், நெசவாளர் தெருவில். "இப்டிதான், ரெண்டு பக்கமும் கைய நீட்னா செவுரு இடிக்கும். சுகுமாரு சின்னப் புள்ளையில அங்கியேதான் ஓடிகினு இருப்பான். அதான் இங்க வந்து நின்னுகீறான்."

படத்தில் இருந்த நீலக் கதவு எங்கேயும் இல்லை. இருந்த இரண்டு நீலக் கதவுகளுக்கு முன்னால் வேலியும் இல்லை, தூணும் இல்லை. நாற்பது நிமிடம் போய்விட்டது. முனிரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது. ஒரு படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் படிக்கு மேல் வீட்டில் ஒரு கிழவி தொட்டிச் செடியின் காய்ந்த இலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தேசம்மாள் தானே போய்ப் படத்தை நீட்டினார். தமிழில்தான் பேசினார். "யம்மா, இந்த வூடு எங்க கீது?" கிழவி படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். கதவைத் தொட்டுக் காட்டி, பெயிண்ட் அடிப்பது போல மேலும் கீழும் கையை ஆட்டினாள். பிறகு கீழே, இடப்பக்கம் திரும்பும் சந்தைக் காட்டினாள். கதவுக்கு நிறம் மாறியிருந்தது, அவ்வளவுதான். இரண்டு தடவை அதைத் தாண்டிப் போயிருக்கிறோம்.

அது சின்ன இடம். இரும்பு வேலி, திறந்த கதவு, உள்ளே புல்லும் சேறும், நாலைந்து தூண் துண்டுகள். எந்தப் பயணக் கையேட்டிலும் வராத இடிபாடு. தூணின் மேல் விளிம்பில் இருந்த பிளவைப் பார்த்ததுமே தேசம்மாள் கண்டுகொண்டார். வாசலில் செருப்பைக் கழற்றினார். இந்தத் தடவை நான் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய், படத்தில் அவன் கை ஊன்றியிருந்த இடத்தில் தன் கையை வைத்தார். முனிரத்தினம் படத்தைத் தூக்கிப் பிடித்து, "இன்னும் கொஞ்சம் இந்தாண்ட... ஆங், அங்கதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா அழவில்லை. "இங்கதான் நின்னுகினு இருந்தான்" என்றார், என்னைப் பார்த்து. நானும் பக்கத்தில் போய் நின்றேன். ஷூ சேற்றில் புதைந்தது. பிறகு அவர் குந்தி உட்கார்ந்து, தூணின் அடியில் ஒரு பிடி ஈர மண்ணை அள்ளினார். முந்தானையில் வைத்து முடிந்தார்.

நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். ஆமாம், திருப்பிக்கொண்டேன். அந்தக் கணத்தில் விதியாவது ஒன்றாவது!

விசில் சத்தம் கேட்டது.

வேலியின் மறுகோடியில் இருந்த சின்னக் கூண்டிலிருந்து காவலர் வந்தாள். நாற்பது வயதுப் பெண், சீருடை, மழைக்கோட்டு. ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். "இவர் தரையிலிருந்து ஏதாவது எடுத்தாரா?"

ஒன்றுமில்லை, காலில் ஒட்டிய சேற்றைத் துடைத்தார் என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அந்தப் பெண் ஏற்றுக்கொண்டிருப்பாள் என்றுகூட இப்போது தோன்றுகிறது. ஆனால் எதிரில் சீருடை. கூண்டின் மேல் ஒரு கேமரா. மறுநாள் காலை விமானம், போலீஸ் வந்தால் இந்த இருவரும் ஏற முடியாது. இரண்டு வயதானவர்கள், மொழி தெரியாத ஊர். எல்லாவற்றுக்கும் மேல் தனக்கோட்டி சாரின் குரல்.

"எடுத்தார். கொஞ்சம் மண்" என்றேன்.

மகனைப் பற்றிச் சொன்னேன். படத்தைக் காட்டினேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். அந்தக் காவலர் படத்தையும் தூணையும் மாறி மாறிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். அவள் முகம் கல் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஆனால் இந்த மண்ணை நான் கொடுக்க முடியாது. இது என்னுடையது இல்லை. திரும்ப வைத்துவிட்டால் நான் யாரையும் கூப்பிட மாட்டேன்" என்றாள்.

நான் தேசம்மாளிடம் தமிழில் சொன்னேன்.

"கொஞ்சூண்டு கூடவாம்மா?" என்று கேட்டார். அதுவரை மேடம் மேடம் என்றவர் அப்போதுதான் என்னை அம்மா என்றார்.

"கூடாதும்மா."

முடிச்சை அவிழ்த்தார். உதறவில்லை, கொட்டவில்லை. எடுத்த குழியிலேயே மண்ணை வைத்து உள்ளங்கையால் அழுத்தி அழுத்திச் சமன் செய்தார், குழந்தைக்குப் போர்வை இழுத்துவிடுவது போல. முந்தானையில் ஒட்டியிருந்த ஈரத்தையும் வழித்து அங்கேயே தடவினார். காவலர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் அழுதேன். கூச்சமில்லாமல் சொல்கிறேன், நான்தான் அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கீழே பஸ்ஸுக்கு வந்தோம். தேசம்மாள் கையில் செருப்பு, பாதம் முழுக்கச் சேறு. டிரைவர் சேறுபட்ட காலை ஏற்ற மாட்டார், அது எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம். பழக்கம் என்னைத் தள்ளியது. "காலைக் காட்டுங்கம்மா" என்று என் பாட்டில் தண்ணீரை எடுத்து, இரண்டு பாதத்திலும் நானே ஊற்றி, நானே கையால் தேய்த்துக் கழுவினேன். நல்ல காரியம் செய்வதாக நினைத்துக்கொண்டு செய்தேன். என் ஷூவை நானும் பார்க்கவில்லை, டிரைவரும் பார்க்கவில்லை. சேறு சாக்கடைக் கம்பிக்குள் ஓடியது. அதைப் பார்த்துக்கொண்டே நின்ற அந்த அம்மா, எனக்கு ஆறுதல் சொன்னார்.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க, மண்ணு எடுக்கக் கூடாதுன்னு. நாங்கதான் கேக்கல. உங்களுக்குப் பேஜாரு குடுத்துட்டோம்."

ஓட்டல் அறைக்குப் போனதும், பதினெட்டு வருடத்தில் அந்த ஒரு தடவை மட்டும், ஷூவைத் துடைக்கவில்லை. கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்துப் பெட்டியின் அடியில் போட்டேன். அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மறுநாள் வேறு ஷூ போட்டுக்கொண்டு முப்பத்தொரு பேரையும் மூன்று தடவை எண்ணி ஊர் கொண்டுவந்து சேர்த்தேன்.

ஊர் திரும்பியதும் அறிக்கை எழுதிக்கொண்டுபோய்த் தனக்கோட்டி சாரிடம் கொடுத்தேன். இந்த முறை மண் விஷயத்தையும் மறைக்காமல் எழுதியிருந்தேன். இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"உன் இடத்துல நான் இருந்தாலும் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன் வசந்தா" என்றார். அறிக்கையை மடித்து வைத்துவிட்டு, "சொல்லிட்டு நானும் தூங்கியிருக்க மாட்டேன்" என்றார். சரி, இப்ப என்ன பண்ணலாம் என்று அவர் கேட்காத ஒரே நாள் அது.

அடுத்த நாள்தான் பெட்டியை முழுதாகக் காலி செய்தேன். அடியில் அந்தப் பை. ஷூவை வெளியே எடுத்துத் திருப்பினேன். இரண்டு அடிப்பாகத்திலும், ரப்பர் பள்ளம் முழுக்க, காய்ந்து இறுகிய மண். சிவப்பும் வெளுப்பும் கலந்தது, நம் பக்கத்து மண் இல்லை. அந்த வேலியை விட்டு வந்த பிறகு நான் நடந்ததெல்லாம் சிமெண்டும் கல்லும்தான். அது அந்த இடத்து மண்தான்.

எவ்வளவு நேரம் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. சந்தோஷம் ஒரு நிமிடம்தான். அப்புறம் வெட்கமாகிவிட்டது. செருப்பு மண். சாமி அறைப் பக்கம்கூடக் கொண்டுபோக மாட்டோம். தூணுக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றவரிடம், நான் மிதித்த மண்ணைக் கொண்டுபோய், இதுதான் உங்கள் பிள்ளை என்று கொடுப்பதா? வாசலுக்குப் போவதும் திரும்பி வருவதுமாக இரண்டு நாள் கழித்தேன். மூன்றாம் நாள் காலை, ஷூவை அதே பையில் போட்டு எடுத்துக்கொண்டு செம்பாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக்கு எதிரில் ஏரி தெரிந்தது. தேசம்மாள் முற்றத்தில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முனிரத்தினம் நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. உளறிக்கொட்டினேன், என்னென்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. பையைத் திறந்து காட்டினேன்.

முனிரத்தினம் எட்டிப் பார்த்தார். பையை நோக்கிக் கை நீட்டினார். ஆனாலும் தயங்கினார். "மேடம்... செருப்புல கீற மண்ணாச்சே. காரியத்துக்கு இத்த வெச்சா நாலு பேரு இன்னா சொல்லுவாங்க..."

அதற்குத்தான் நானும் பயந்தேன். பையை மூடப் போனேன். தேசம்மாள் என் கையைத் தள்ளிவிட்டுப் பையை வாங்கினார். முறத்தில் இருந்த அரிசியை ஒரு பாத்திரத்தில் கொட்டினார். ஷூவை எடுத்து மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். கொண்டையில் இருந்த ஊசியை உருவி, பள்ளம் பள்ளமாக, ஒரு துகள் சிந்தாமல், மண்ணைக் கெல்லி எடுத்து முறத்தில் போட ஆரம்பித்தார். நிமிரவே இல்லை.

"நாலு பேரு கெடக்கறாங்க. அந்தப் போட்டோவப் பாருய்யா" என்றார் புருஷனிடம். "நம்ம புள்ள மட்டும் வெறுங்காலோடவா நின்னுகினு இருந்தான்?"

இரண்டு ஷூவும் சுத்தமாகும் வரை அவர் எழவில்லை. முடிந்ததும், அன்றைக்கு மண்ணை முடிந்திருந்த அதே முந்தானையால் அவற்றை உள்ளும் புறமும் துடைத்து, என் காலடியில் ஜோடியாக வைத்தார்.